சிசிலி நெவில்: அக்கா வீட்டில் இருந்தது சிறையா, அடைக்கலமா?

செங்காந்தள்:

எல்லோருக்கும் வணக்கம். ரோஜாப் போர்களைப் பற்றி, அதாவது பதினைந்தாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் யார்க், லங்காஸ்டர் என்ற இரண்டு அரச கிளைகள் அரியணைக்காக மோதியதைப் பற்றி, படிக்க ஆரம்பித்து ஒரு வருடம் ஆகிறது. யார் எந்தப் பக்கம், எந்தப் போரில் யார் செத்தார் என்பது எனக்கு மனதில் நிற்கவே இல்லை. கடைசியில் ஒரே ஒரு பெண்ணைப் பிடித்துக்கொண்டு, அவளுடைய உறவுக்காரர்கள் யார் யார் என்று ஒரு நோட்டில் எழுதிப் பார்த்தேன். அதன் பிறகு எல்லாம் தெளிவானது. அந்தப் பெண் சிசிலி நெவில், யார்க் டச்சஸ். 1415இல் பிறந்து 1495இல் இறந்தவர். நான்காம் எட்வர்டுக்கும் மூன்றாம் ரிச்சர்டுக்கும் தாய்.

எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. 1459 அக்டோபரில் லட்லோவுக்குப் பக்கத்தில் லட்ஃபோர்ட் பாலத்தில் யார்க் படை கலைந்தது. கணவர் யார்க் டியூக் ரிச்சர்ட் இரண்டாவது மகன் எட்மண்டோடு அயர்லாந்துக்குப் போய்விட்டார். மூத்தவன் எட்வர்டும், சிசிலியின் அண்ணன் சாலிஸ்பரியும், அண்ணன் மகன் வார்விக்கும் கலே துறைமுகத்துக்குத் தப்பினார்கள். சிசிலி ஓடவில்லை. பத்து வயதைத் தொடப்போகும் ஜார்ஜ், ஏழு வயது ரிச்சர்ட் ஆகியோரோடு லட்லோவிலேயே இருந்தார். லங்காஸ்டர் கிளை அரசர் ஆறாம் ஹென்றியின் படை ஊருக்குள் புகுந்து கொள்ளையடித்தது. அப்புறம் அவரை அக்கா ஆன் பொறுப்பில் ஒப்படைத்தார்கள். ஆனின் கணவர் பக்கிங்ஹாம் டியூக் அரசர் பக்கத்தின் பெரிய தூண்களில் ஒருவர்.

இது சிறையா, அடைக்கலமா? சொந்த அக்கா வீட்டில் கைதியாக இருப்பது என்றால் என்ன? எனக்கு இது வெறும் வரலாற்றுக் கேள்வியாகத் தெரியவில்லை. எங்கள் பாட்டியும் அவருடைய தங்கையும் ஒரு நில வழக்கால் பல வருடம் பேசாமல் இருந்தவர்கள். ஆனால் ஒருவர் வீட்டில் சாவு என்றால் மற்றவர் போய் அடுப்படியில் நின்றார். அதனால்தான் கேட்கிறேன்.

நூலகத்து நிழல்:

சிறைதான் என்பது என் கருத்து. அந்தக் காலத்து நாளாகமம் ஒன்று, அவரைக் கண்டிப்பாக வைத்திருந்தார்கள், பல முறை கடிந்து பேசினார்கள் என்று எழுதி வைத்திருக்கிறது. அதே ஆண்டு கடைசியில் கவென்ட்ரியில் கூடிய நாடாளுமன்றம் யார்க் டியூக்கைத் துரோகி என்று அறிவித்துச் சொத்தை எல்லாம் பறித்தது. நேற்றுவரை நாட்டிலேயே பெரிய நிலப்பிரபுவின் மனைவியாக இருந்தவருக்கு இன்று ஒரு காணி கூட இல்லை. சாப்பாட்டுக்கே அரசர் கையை எதிர்பார்க்க வேண்டிய நிலை. அந்த நிலையில் இருப்பவர் தங்கும் இடம் எந்த வீடாக இருந்தாலும் சிறைதானே?

பழைய காகிதம்:

நிழல், நீங்கள் பாதியைத்தான் சொல்கிறீர்கள். அதே அரசர் சிசிலிக்கும் பிள்ளைகளுக்கும் ஆண்டுக்கு 1000 மார்க் ஒதுக்கினார். ஒரு மார்க் என்பது பவுனில் மூன்றில் இரண்டு பங்கு. ஆக ஏறக்குறைய 667 பவுன். அந்தக் காலத்தில் பல பிரபுக்களின் ஆண்டு வருமானமே அவ்வளவு இருக்காது. துரோகியின் மனைவியைப் பட்டினி போட வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. சிசிலிக்கு அப்போது 44 வயது. அரசவையில் எல்லோருக்கும் தெரிந்தவர். 1453இல் அந்த அரசரின் மனைவி மார்கரெட் ராணி வால்சிங்ஹாமுக்கு யாத்திரை வந்தபோது நேரில் பார்த்துக் கணவருக்காகப் பேசியிருக்கிறார். பிறகு அது பற்றி ராணிக்கு எழுதிய கடிதம் இன்னும் இருக்கிறது. முந்தின வருடம் பெற்ற பிரசவம் தன்னை மிகவும் வருத்திவிட்டது, அதனால்தான் எழுதத் தாமதம் என்று அதில் சொல்கிறார். அந்தப் பிரசவத்தில் பிறந்தவர்தான் மூன்றாம் ரிச்சர்ட். ராணியும் அப்போது எட்டு வருடம் காத்திருந்து முதல் முறை கர்ப்பமாக இருந்தார். இரண்டு பெண்களுக்கு நடுவில் அந்தக் கடிதம் எப்படிப் படிக்கப்பட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

செங்காந்தள்:

பழைய காகிதம் ஐயா, இந்தக் கடிதத்தைப் பற்றி எனக்குத் தெரியவே தெரியாது. நன்றி.

சிசிலியின் அக்காக்களைப் பற்றிக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். அது தெரியாமல் 1459ஐப் புரிந்துகொள்ள முடியாது என்று நினைக்கிறேன்.

அப்பா ரால்ஃப் நெவில், வெஸ்ட்மர்லாந்து ஏர்ல். இரண்டு மனைவிகள் வழியாக 20க்கும் மேல் பிள்ளைகள். இரண்டாவது மனைவி ஜோன் போஃபோர்ட். அவர் மூன்றாம் எட்வர்டு அரசரின் மகன் ஜான் ஆஃப் கான்ட்டுக்கும் கேத்தரின் ஸ்வின்ஃபோர்டுக்கும் கல்யாணத்துக்கு முன்னால் பிறந்து, பின்னால் சட்டப்படி ஏற்கப்பட்டவர். ஜோன் பெற்ற பிள்ளைகளில் கடைக்குட்டிதான் சிசிலி. ரால்ஃப் சொத்தில் பெரும்பகுதியை இரண்டாம் தாரத்துப் பிள்ளைகளுக்கே போகும்படி செய்துவிட்டார். மூத்த தாரத்துப் பேரன்களுக்குப் பட்டம் வந்தது, நிலம் வரவில்லை. அந்தக் கசப்பு முப்பது வருடம் கழித்துப் போர்க்களத்தில் வெளிவந்தது. மூத்த தாரத்துப் பேரன் ஜான் நெவில், 1460இல் வேக்ஃபீல்டில் சிசிலியின் கணவரைக் கொன்ற படையில் நின்றவர்.

மகள்களுக்கு நல்ல இடமாகப் பார்த்துப் பெரிய வீடுகளில் கொடுத்தார்கள். மூத்தவர் கேத்தரின், நார்ஃபோக் டியூக்குக்கு. எலனர், நார்த்தம்பர்லாந்து ஏர்ல் ஹென்றி பெர்சிக்கு. ஆன், ஸ்டாஃபோர்டுகளின் வீட்டுக்கு. அவர்தான் பின்னாளில் பக்கிங்ஹாம் டச்சஸ். சிசிலிக்கு வரப்போகும் மாப்பிள்ளையோ ரால்ஃப் வீட்டிலேயே வளர்ந்தார். யார்க் ரிச்சர்டின் அப்பாவுக்கு 1415இல் சதிக்குற்றத்துக்காக மரண தண்டனை. பெரியப்பா அதே ஆண்டு அஜின்கோர்ட்டில் இறந்தார். அநாதையான அந்தப் பையனின் காப்பாளர் உரிமையை 1423இல் ரால்ஃப் 3000 மார்க் கொடுத்து வாங்கினார். அடுத்த ஆண்டுக்குள் சிசிலிக்கு நிச்சயம் ஆகிவிட்டது. அப்போது அவருக்கு ஒன்பது வயது.

இனி அந்த அக்காக்களின் வீடுகள் என்ன ஆயின என்று பாருங்கள்.

எலனரின் கணவர் 1455 மே 22 அன்று செயின்ட் ஆல்பன்ஸில் கொல்லப்பட்டார். கொன்ற படையை நடத்தியவர்கள் சிசிலியின் கணவரும், எலனரின் உடன்பிறந்த சகோதரர் சாலிஸ்பரியும், அவர் மகன் வார்விக்கும். எலனரின் நான்கு மகன்கள் பிறகு செத்தார்கள்: ஒருவர் நார்த்தாம்ப்டனில், இருவர் டவ்டனில், ஒருவர் 1464இல் ஹெட்ஜ்லி மூரில். நான்கிலும் எதிரே நின்றது யார்க் படை.

ஆனின் கணவர் பக்கிங்ஹாம் 1460 ஜூலை 10 அன்று நார்த்தாம்ப்டனில் கொல்லப்பட்டார். படையை நடத்தியவர்கள் அண்ணன் மகன் வார்விக்கும் தங்கை மகன் எட்வர்டும். அதே நாளில் அதே களத்தில் கேத்தரினின் மூன்றாவது கணவர் பூமோன்ட் பிரபுவும் செத்தார். ஒரே பகலில் இரண்டு அக்காக்கள் விதவை. வென்றது கடைசித் தங்கையின் பிள்ளை. இதை எழுதும்போது கை கொஞ்சம் நடுங்குகிறது.

ஆன் தங்கையைக் கடிந்து பேசினார் என்றால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். 1455இல் எலனருக்கு நடந்தது அவருக்குத் தெரியும். அடுத்தது தன் வீடு என்றும் உள்ளுக்குள் தெரிந்திருக்கும்.

வடக்கு வாசல்:

இதை எல்லாம் படிக்கும்போது எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். இதை ஆங்கிலத்தில் படித்தால் எல்லோருமே கசின்தான். தமிழில் உறவை எழுதினால்தான் அதன் உறைப்பு தெரிகிறது. வார்விக்குக்குச் சிசிலி அத்தை. எட்வர்டும் ஜார்ஜும் ரிச்சர்டும் அவருக்கு அத்தை மகன்கள். வார்விக் தன் இரண்டு மகள்களில் மூத்தவள் இசபெல்லை 1469இல் அத்தை மகன் ஜார்ஜுக்குக் கொடுத்தார். இளையவள் ஆன், வார்விக் இறந்த பிறகு ரிச்சர்டை மணந்தாள். நம் முறைப்படி பார்த்தால் ஒரு தவறும் இல்லாத சம்பந்தம். ஆனால் அங்கே திருச்சபை நான்கு தலைமுறை வரை இரத்த உறவில் கல்யாணம் கூடாது என்று தடை வைத்திருந்தது. போப்பிடம் விலக்கு வாங்கித்தான் செய்ய வேண்டும். பிரபு குடும்பங்கள் எல்லாம் ஒன்றோடு ஒன்று பின்னிக் கிடந்ததால் ஏறக்குறைய ஒவ்வொரு பெரிய கல்யாணத்துக்கும் விலக்குத் தேவைப்பட்டது. சிசிலியும் யார்க் ரிச்சர்டுமே மூன்றாம் எட்வர்டின் கொள்ளுப்பேரப் பிள்ளைகள்தான்.

கேத்தரின் அக்காவின் நான்காவது கல்யாணத்தை யாராவது எழுதுங்களேன்.

பழைய காகிதம்:

எழுதுகிறேன். 1465இல், நான்காம் எட்வர்டு எலிசபெத் உட்வில்லை மணந்த மறுவருடம், அவளுடைய தம்பி ஜான் உட்வில்லுக்குக் கேத்தரினைக் கட்டிவைத்தார்கள். பையனுக்கு இருபது வயது இருக்கும். கேத்தரினுக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. நாளாகமக்காரர் ஒருவர் மணமகளுக்கு எண்பது வயது என்று ஏற்றிச் சொல்லி, சாத்தானின் கல்யாணம் என்று எழுதினார். நான்கு வருடம் கழித்து ஜானை வார்விக் பிடித்துத் தலையை வெட்டினார். வெட்டியவர் கேத்தரினின் உடன்பிறந்தவர் மகன். கேத்தரின் அதற்குப் பிறகும் வாழ்ந்து, 1483இல் மூன்றாம் ரிச்சர்டின் முடிசூட்டு விழாவிலும் கலந்துகொண்டார். நான்கு கணவர்களையும் அடக்கம் செய்தவர். அவரைப் பற்றித் தனியாக இன்னொரு இழையே போடலாம்.

நூலகத்து நிழல்:

செங்காந்தள், உங்கள் பட்டியலைப் படித்த பிறகு என் பதிலைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். சிறை என்று சொன்னது அவசரம். ஆனால் அடைக்கலம் என்றும் சொல்ல மாட்டேன். அரசர் அவரை ஆனிடம் அனுப்பியதே, அக்கா என்பதால் கெடுதல் செய்ய மாட்டார், எதிர்ப்பக்கத்து வீடு என்பதால் தப்பவும் விட மாட்டார் என்ற கணக்கில்தான் என்று தோன்றுகிறது.

நார்த்தாம்ப்டனுக்குப் பிறகு என்ன ஆனது என்றும் சொல்லிவிடுகிறேன். 1460 செப்டம்பரில் கணவர் அயர்லாந்திலிருந்து திரும்பி, ஹெர்ஃபோர்டுக்கு வந்து சேர் என்று ஆள் அனுப்பினார். சிசிலி நீல வெல்வெட் போர்த்திய இருக்கையில், நான்கு ஜோடிக் குதிரைகள் இழுக்கப் போனார். பிள்ளைகள் மார்கரெட், ஜார்ஜ், ரிச்சர்ட் மூவரையும் லண்டனில் தேம்ஸுக்குத் தெற்கே ஒரு வீட்டில் விட்டுப் போனார். அண்ணன் எட்வர்டு, பதினெட்டு வயதுப் போர்வீரன், தினமும் வந்து அவர்களைப் பார்த்துவிட்டுப் போனான் என்று அந்த வீட்டிலிருந்து எழுதிய ஒரு கடிதம் சொல்கிறது. இந்த ஒரு வரிக்காகவே எனக்கு எட்வர்டைப் பிடிக்கும்.

அக்டோபரில் யார்க் டியூக்தான் அடுத்த அரசர் என்று உடன்பாடு ஆனது. சிசிலி ராணியாக இன்னும் ஒரு படிதான். டிசம்பர் 30 அன்று வேக்ஃபீல்டில் கணவர் செத்தார். 17 வயது எட்மண்டும் செத்தான். அண்ணன் சாலிஸ்பரியைப் பிடித்துப் பான்டிஃப்ராக்டில் தலையை வெட்டினார்கள். சாலிஸ்பரியின் மகன் தாமஸும் போரில் போனார். தலைகளை யார்க் நகரின் மிக்கில்கேட் வாயிலில் குத்தி வைத்தார்கள். கணவரின் தலையில் காகிதக் கிரீடம். எதிர்ப்படையின் தலைவர்களில் ஒருவர் எக்ஸெட்டர் டியூக். அவர் சிசிலியின் மூத்த மகள் ஆனின் கணவர். வீட்டு மாப்பிள்ளை.

செங்காந்தள்:

மாப்பிள்ளையும் அங்கே நின்றார் என்பதை நான் என் நோட்டில் எழுதவே மறந்துவிட்டேன்.

செய்தி வந்ததும் சிசிலி செய்த முதல் காரியம், ஜார்ஜையும் ரிச்சர்டையும் கப்பலேற்றி பர்கண்டி டியூக்கின் நாட்டுக்கு அனுப்பியது. அழுது முடித்துவிட்டுச் செய்தாரா, அழாமலே செய்தாரா, யார் கண்டார்கள். மூன்று மாதத்துக்குள் எட்வர்டு அரசனாகி, டவ்டன் போரிலும் வென்றான்.

ரோஜாத்தோட்டம்:

இழையைத் திசை திருப்புவதாக நினைக்க வேண்டாம். ஆனால் எட்வர்டு யார்க்கின் மகனே இல்லை என்ற விவகாரத்தை யாரும் தொடவில்லையே? எட்வர்டு பிறந்தது 1442 ஏப்ரல் 28, பிரான்சின் ரூவான் நகரில். கணக்குப் பார்த்தால் கருத்தரித்தது 1441 ஆகஸ்ட் முதல் வாரம். அப்போது யார்க் டியூக் பொன்ட்வாஸ் பக்கம் போர்முனையில் இருந்தார். ஞானஸ்நானமும் கோட்டைக்குள் சிறிய ஆலயத்தில் சத்தமில்லாமல் நடந்தது. அடுத்த வருடம் எட்மண்டுக்கு மட்டும் ரூவான் பேராலயத்தில் பெரிய விழா. சிசிலியே 1464இல், எட்வர்டு உட்வில்லை மணந்த கோபத்தில், இவன் யார்க்குக்குப் பிறந்தவன் இல்லை என்று நானே சாட்சி சொல்வேன் என்று கத்தினார் என மன்சீனி எழுதியிருக்கிறார்.

இரவுப் பணி:

நான் வரலாறு படித்தவள் இல்லை. பிரசவ வார்டில் பல வருடம் வேலை பார்த்த நர்ஸ். வெறுமனே வாசித்துக்கொண்டிருந்தேன், இதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

டியூக் எப்போது ரூவானுக்குத் திரும்பினார்? ஆகஸ்ட் 20ஐ ஒட்டி என்றுதான் நான் படித்தேன். அந்த நாளிலிருந்து ஏப்ரல் 28 வரை எண்ணுங்கள். வழக்கமான கணக்கைவிடச் சுமார் இரண்டு வாரம் முன்னால் பிறந்த குழந்தை, அவ்வளவுதான். இரண்டு வாரம் முன்னால் பிறந்த பிள்ளைகளை நான் தினமும் பார்த்திருக்கிறேன். அப்படிப் பிறந்த குழந்தை பலவீனமாகத் தெரிந்தால் பயந்துபோய் உடனே, இருக்கிற இடத்திலேயே ஞானஸ்நானம் கொடுத்திருக்கலாம். முந்தின வருடம்தான் பிறந்த மகன் ஹென்றியை இழந்த தாய் அவர். விழாவுக்கு நாள் பார்த்துக் காத்திருப்பாரா? அந்தச் சின்ன ஞானஸ்நானத்தைத் தாயின் ஒழுக்கத்துக்கு எதிரான சாட்சியாக வைப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

பழைய காகிதம்:

இரவுப் பணி அம்மா சொன்னதே போதும். நான் இரண்டு விஷயம் மட்டும் சேர்க்கிறேன். மன்சீனி இத்தாலியர். 1483இல் லண்டனில் கேட்ட பேச்சை எழுதியவர். 1464இல் அவர் அங்கே இல்லை. 1483 ஜூன் என்பது எட்வர்டு இறந்த பிறகு ரிச்சர்ட் அண்ணன் பிள்ளைகளைத் தள்ளிவிட்டு அரியணை ஏறும் நேரம். எட்வர்டே முறைப்படி பிறந்தவன் இல்லை என்றால் அவன் பிள்ளைகளுக்கு அரியணை இல்லை. ஊரில் அப்போது என்ன பேச்சு ஓடியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. இரண்டாவது, யார்க் டியூக் ஒரு நாளும் எட்வர்டை மறுக்கவில்லை. மூத்த வாரிசாக நடத்தி, பிரெஞ்சு அரசரின் மகளையே அவனுக்குப் பெண் கேட்டுப் பேசினார். சந்தேகம் இருக்கிற பிள்ளைக்கு அப்படிப் பெண் தேட மாட்டார்கள்.

ரோஜாத்தோட்டம்:

சரி, ஒப்புக்கொள்கிறேன். நான் ஒரு டிவி ஆவணப்படத்தைப் பார்த்துவிட்டு நம்பியிருந்தேன். நாள்களை நானே எண்ணிப் பார்க்கவில்லை.

ஆனால் ரிச்சர்ட் 1483இல் தாயின் பெயரையே கெடுத்தார் என்றால், அதன் பிறகு இருவருக்கும் பேச்சுவார்த்தை இருந்ததா?

நூலகத்து நிழல்:

இருந்தது. ரிச்சர்டுக்கு அரியணையை ஏற்கச் சொல்லி மனு கொடுக்கப்பட்ட இடமே லண்டனில் சிசிலியின் பேனார்ட்ஸ் கோட்டைதான். தன்மேல் பழி சுமத்தப்பட்டதைச் சிசிலி பின்னாளில் பலரிடம் சொல்லி வருந்தினார் என்று வரலாற்றாசிரியர் பாலிடோர் வெர்ஜில் எழுதுகிறார். அதே சமயம், 1484 ஜூன் 3 அன்று ரிச்சர்ட் தாய்க்கு எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. தினமும் உங்கள் ஆசி வேண்டும், அதுதான் எனக்கு ஆறுதல் என்று பணிவாகக் கேட்கிறார். இரண்டு மாதம் முன்புதான் கல்யாணத்தில் பிறந்த அவருடைய ஒரே மகன் இறந்திருந்தான். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் எனக்கு யார் மீதும் கோபம் வருவதில்லை.

மரபணு மாணவி:

நான் ஆராய்ச்சி மாணவி. இங்கே சொல்ல எனக்கும் ஒன்று இருக்கிறது.

2012இல் லெஸ்டரில் ஒரு வாகன நிறுத்துமிடத்தின் அடியில் கிடைத்த எலும்புக்கூடு மூன்றாம் ரிச்சர்டுடையது என்பதை உறுதிசெய்ய உதவியது சிசிலியின் மரபணு. மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. தாயிடமிருந்து மட்டுமே வரும். மகன் அதைத் தன் பிள்ளைக்குக் கொடுக்க முடியாது, மகளால்தான் முடியும். ரிச்சர்டின் உடலில் இருந்தது சிசிலியுடையது. சிசிலிக்கு அது ஜோன் போஃபோர்டிடமிருந்து, ஜோனுக்குக் கேத்தரின் ஸ்வின்ஃபோர்டிடமிருந்து வந்தது. அதே இழை சிசிலியின் மூத்த மகள் ஆன் வழியாக, தாய் மகள், தாய் மகள் என்று இறங்கி, லண்டனில் வாழும் கனடாக்காரத் தச்சர் ஒருவர் வரை வந்தது. அவருடைய டி.என்.ஏ. எலும்போடு பொருந்தியது. 2015இல் ரிச்சர்டை மறுபடி அடக்கம் செய்த சவப்பெட்டியைச் செய்தவரும் அவரே.

தகப்பனிடமிருந்து மகனுக்கு வரும் ஆண் வழி இழையை, அதே வம்சத்தின் இன்றைய ஆண்களோடு ஒப்பிட்டுச் சோதித்தபோது அது பொருந்தவில்லை. இடைப்பட்ட தலைமுறைகளில் எங்கேயோ அது அறுந்திருக்கிறது. அதற்காகச் சிசிலியைக் குற்றம் சொல்ல வழியில்லை. அறுந்த இடம் எது என்று இந்தச் சோதனை சொல்லவில்லை, எட்வர்டின் உடலை யாரும் சோதிக்கவும் இல்லை.

செங்காந்தள் அக்கா எழுதிய எக்ஸெட்டர் விஷயத்தைப் படித்தபோது எனக்குச் சிலிர்த்தது. அந்த மூத்த மகள் ஆன்தான் இவள். அப்பாவுக்கு எதிராகப் படை நடத்திய கணவனை விட்டு விலகி, பிறகு தாமஸ் செயின்ட் லெஜர் என்பவரை மணந்து பெற்ற மகள் வழியாகத்தான் இந்த இழை பிழைத்தது.

செங்காந்தள்:

எக்ஸெட்டர் விஷயம் நிழல் எழுதியது, தங்கையே. என் நோட்டில் அது இப்போதுதான் ஏறியது. ஆனால் நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். ஜோன் போஃபோர்ட் லிங்கன் பேராலயத்தில் தன் அம்மா கேத்தரின் பக்கத்தில் புதைக்கப்பட்டிருக்கிறார், கணவர் ரால்ஃபின் பக்கத்தில் இல்லை.

சிசிலி கடைசி வருடங்களில் பெர்காம்ஸ்டெட் கோட்டையில் எப்படி வாழ்ந்தார் என்பதற்கு அவர் வீட்டு ஒழுங்குமுறைக் குறிப்பு ஒன்று இருக்கிறது. காலை ஏழு மணிக்கு எழுவார். ஜபம், திருப்பலி, காலை உணவு, மறுபடி ஆலயம். மதியச் சாப்பாட்டின்போது ஒருவர் பக்தி நூல்களை வாசிக்க வேண்டும்: ஹில்டன், பொனவெந்தூரா, சியன்னா நகர் கேத்தரின், ஸ்வீடனின் பிரிஜிட். சாப்பிட்டதும் ஒரு மணி நேரம் மனு கொண்டு வருபவர்களைப் பார்ப்பார். கால் மணி நேரம் தூக்கம். மாலை வரை ஜபம். இரவு உணவின்போது, மதியம் கேட்ட வாசிப்பைத் தன் வாயால் மற்றவர்களுக்குத் திருப்பிச் சொல்வார். அப்புறம் தோழிகளோடு கொஞ்ச நேரம் கலகலப்பாகப் பேச்சு. எட்டு மணிக்குப் படுக்கை.

இதில் எனக்குப் பிடித்தது அந்தத் திருப்பிச் சொல்லுதல். எழுபது வயதைத் தாண்டியவர், கேட்டதை மறக்காமல் ராத்திரி கதையாகச் சொல்கிறார்.

வடக்கு வாசல்:

உயில் பற்றி நீங்கள் இன்னும் எழுதவில்லை. இந்த இழைக்கு அது வேண்டும்.

செங்காந்தள்:

ஆமாம், வேண்டுமென்றே கடைசிக்கு வைத்திருந்தேன். 1495 ஏப்ரல் 1 தேதியிட்ட உயில். மே 31 அன்று இறந்தார். அப்போது மகன்களில் ஒருவரும் உயிரோடு இல்லை. எலிசபெத், மார்கரெட் என்ற இரண்டு மகள்கள் மட்டும் இருந்தார்கள். பர்கண்டியில் இருந்த மார்கரெட், சிசிலியின் பேத்தி கணவரான ஏழாம் ஹென்றியைக் கவிழ்க்க ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார்.

உயிலில் தன்னை, யார்க் டியூக் ரிச்சர்டின் மனைவி என்றும், அந்த ரிச்சர்ட் என் மகன் நான்காம் எட்வர்டு அரசரின் தகப்பன் என்றும் சொல்லித்தான் தொடங்குகிறார். இதைவிடத் தெளிவாக ரோஜாத்தோட்டத்தின் கேள்விக்கு யாரும் பதில் சொல்ல முடியாது. மூன்றாம் ரிச்சர்டின் பெயரை அவர் எழுதவில்லை.

பேத்தி எலிசபெத் ராணிக்குப் பச்சைப் பொன்துணி போர்த்திய சங்கீதப் புத்தகமும் வைரச் சிலுவையும். டார்ட்ஃபோர்டில் கன்னியாஸ்திரியாக இருந்த பேத்தி பிரிஜிட்டுக்கு, சாப்பாட்டு மேசையில் வாசித்துக் கேட்ட புத்தகங்களில் சில. ஏழாம் ஹென்றியின் தாய் மார்கரெட் போஃபோர்டுக்கும் ஒரு ஜபப் புத்தகம். அவர் சிசிலியின் மாமன் பேத்தி. அதோடு, 1460இல் விதவையான அந்த ஆன் அக்காவின் மகனுக்கு ஒரு காலத்தில் மனைவியாக இருந்தவர்.

கொள்ளுப்பேரன் ஆர்தருக்கு அப்போது எட்டு வயது. அவனுக்குச் சிசிலி எழுதி வைத்தது ஒரு படுக்கைத் திரை. அதில் நெய்திருந்த சித்திரம் விதியின் சக்கரம்.